கைதட்டலுக்கு நடுவே நுழைந்த மூன்று நாடுகள்

இரட்டைக் கோபுரத் தாக்குதலில் இறந்தவர்களுக்காக நியூயார்க்கில் அமைந்த ஒரு நினைவிடத்தில், ஒரு சிறுவன் தன் கால்பந்தை வைத்துவிட்டுப் போனான். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அப்பா, இதைச் சொர்க்கத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள், என்றைக்காவது மறுபடி உங்களோடு விளையாடும்வரை நான் இதை ஆட மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தான். 2002 ஜனவரி 29 இரவு, வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் கூடியிருந்த உறுப்பினர்கள் முன்னால் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அந்தச் சீட்டைப் பற்றிச் சொன்னார். அதைக் கேட்டு நெஞ்சு கனக்காதவர் யாரும் இருந்திருக்க முடியாது.

அதற்குச் சில நிமிடங்கள் கழித்து, அதே உரையில், மூன்று நாடுகளின் பெயர்கள் வந்தன. வட கொரியா, ஈரான், இராக். இவையும் இவற்றின் பயங்கரவாதக் கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு 'தீமையின் அச்சு' என்றார் அதிபர். கைதட்டல் எழுந்தது.

செப்டம்பர் 11 தாக்குதலை நடத்திய விமானக் கடத்தல்காரர்கள் 19 பேர். 15 பேர் சவூதி அரேபியர்கள், இரண்டு பேர் ஐக்கிய அரபு அமீரகத்தவர், ஒருவர் எகிப்தியர், ஒருவர் லெபனான்காரர். அந்த மூன்று நாடுகளிலிருந்து ஒருவர்கூடக் கிடையாது. தாக்குதலைத் திட்டமிட்ட ஒசாமா பின் லாடனின் பெயரோ, ஐம்பது நிமிடத்துக்கு அருகே நீண்ட அந்த உரையில் ஒரு தடவைகூட வரவில்லை.

அந்தச் சிறுவனின் சீட்டிலிருந்து அந்த மூன்று நாடுகளுக்கு ஓர் உரை எப்படிப் போய்ச் சேர்ந்தது? இருபது வருடங்களுக்கு மேல் ஆன பிறகும் இந்தக் கேள்வியை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பயங்கரவாதத் தாக்குதல் நடந்த நாடுகளில் எல்லாம், அடுத்த ஆண்டு உரைக்குத் தலைவர் எழுந்து நிற்கும்போது அவைக்குள் இருக்கும் காற்றே வேறாக இருக்கிறது. அந்தக் காற்றில் எது எளிதாக நிறைவேறிவிடுகிறது என்பதை இந்த ஓர் உரையை வைத்தே நிறையப் புரிந்துகொள்ளலாம்.

கேள்வி நேரம் இல்லாத மேடை

அமெரிக்காவில் இந்த ஆண்டு உரைக்கு 'ஸ்டேட் ஆஃப் தி யூனியன்' என்று பெயர். அரசியல் சாசனத்தின் இரண்டாம் பிரிவில் ஒரே ஒரு வரிதான் இதற்கு ஆதாரம்: அதிபர் அவ்வப்போது நாட்டின் நிலைமையை நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும், தேவை என்று தான் கருதும் நடவடிக்கைகளைப் பரிந்துரைக்க வேண்டும். வருடம் ஒருமுறை என்றோ, நேரில் வந்து பேச வேண்டும் என்றோ அதில் இல்லை. 1790 ஜனவரியில் ஜார்ஜ் வாஷிங்டன் நேரில் பேசித் தொடங்கி வைத்தார். 1801-ல் தாமஸ் ஜெபர்சன், இது அரசர் சிம்மாசனத்திலிருந்து பேசுவது போல இருக்கிறது என்று கருதி எழுத்தில் அனுப்பிவிட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே எழுத்தில்தான் போனது. 1913-ல் உட்ரோ வில்சன்தான் மறுபடி நேரில் வந்தார். அப்புறம் வானொலி வந்தது, 1947-ல் தொலைக்காட்சி வந்தது, 1965-ல் லிண்டன் ஜான்சன் நாடு முழுவதும் பார்க்கட்டும் என்று உரையை இரவு நேரத்துக்கு மாற்றினார். சட்டமன்றத்துக்குத் தரவேண்டிய அறிக்கையாகத் தொடங்கியது, படிப்படியாக நாட்டு மக்களைப் பார்த்துப் பேசும் நிகழ்ச்சியாக ஆகிவிட்டது. உறுப்பினர்கள் அந்த நிகழ்ச்சியின் பின்னணியாக ஆனார்கள்.

நம் ஊரில் இதற்கு இணையானதை எல்லோரும் பார்த்திருப்போம். சட்டமன்றத்தில் ஆளுநர் உரை, நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவர் உரை. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நம்முடைய உரையை எழுதுவது அமைச்சரவை, வாசிப்பது மட்டுமே தலைவரின் வேலை. வாசித்து முடித்த பிறகு, நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது நாள்கணக்கில் விவாதம் நடக்கும். எதிர்க்கட்சிகள் திருத்தம் கொண்டுவரலாம், அது நிறைவேறவும் செய்யலாம். 2001-ல் மாநிலங்களவையில் பால்கோ என்ற அரசு அலுமினிய நிறுவனத்தின் விற்பனையை ஒட்டி அப்படி ஒரு திருத்தம் நிறைவேறியது. பிரதமர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்க முறையில் இதில் எதுவும் இல்லை. அதிபர் வருகிறார், பேசுகிறார், கை குலுக்கிக்கொண்டே போய்விடுகிறார். தீர்மானம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை, அவையில் பதில் இல்லை. எதிர்க்கட்சியின் மறுமொழி பிற்பாடு தொலைக்காட்சியில் தனியாக வரும். உறுப்பினர்கள் தங்கள் கருத்தைக் காட்ட இருக்கும் ஒரே வழி எழுந்து நிற்பதும் கைதட்டுவதும்தான். சாதாரண வருடங்களில் இது போதும். ஒரு பக்கம் எழுந்து தட்டும், மறுபக்கம் உட்கார்ந்தே இருக்கும், பார்க்கிறவர்களுக்கு நிலவரம் புரிந்துவிடும். தாக்குதலுக்குப் பிந்தைய வருடத்தில் உட்கார்ந்திருப்பதே இறந்தவர்களை அவமதிப்பது போல ஆகிவிடுகிறது.

பயம் பொய்யில்லை

அந்த அவையில் இருந்தவர்களைக் கோழைகள் என்று சொல்வது சுலபம். அது நியாயம் இல்லை. செப்டம்பர் 11 அன்று கடத்தல்காரர்களைத் தவிர 2,977 பேர் இறந்தார்கள். பென்சில்வேனியாவில் விழுந்த நான்காவது விமானத்தின் குறி நாடாளுமன்றக் கட்டடமாகவோ வெள்ளை மாளிகையாகவோ இருந்திருக்கும் என்பதுதான் விசாரணைக் குழு பின்னால் வந்தடைந்த முடிவு. பயணிகள் எதிர்த்துப் போராடியதால்தான் அது வழியிலேயே விழுந்தது. அதாவது, அன்று இரவு அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பலர், யாரோ முகம் தெரியாதவர்கள் உயிரைக் கொடுத்ததால் உயிரோடு இருந்தவர்கள்.

அக்டோபரில் செனட் தலைவர்களில் ஒருவரான டாம் டாஷலின் அலுவலகத்துக்கு ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமிப் பொடி வைத்த கடிதம் வந்தது. அந்தக் கடித வரிசையில் நாடெங்கும் 5 பேர் இறந்தார்கள். ஹார்ட் என்ற செனட் அலுவலகக் கட்டடத்தை மூன்று மாதம் மூடிவைத்து, சுத்திகரித்து, உரைக்கு ஒரு வாரம் முன்புதான் திறந்திருந்தார்கள். டிசம்பர் 22 அன்று பாரிஸிலிருந்து மயாமி போன விமானத்தில் ஒருவன் தன் காலணியில் இருந்த வெடிமருந்தைப் பற்றவைக்க முயன்றான், பணிப்பெண்கள் பார்த்துவிட்டதால் தப்பியது. ஒவ்வொரு ஆண்டும் இந்த உரையின்போது, அவைக்கே ஏதாவது ஆகிவிட்டால் ஆட்சியை நடத்த ஒருவர் வேண்டும் என்று ஓர் அமைச்சரை வேறிடத்தில் வைத்திருப்பார்கள். பழைய பனிப்போர் காலச் சடங்கு. அந்த வருடம் உள்துறையின் கேல் நார்ட்டன் அப்படி விலகி இருந்தார். அந்த ஆண்டு அது சடங்காக யாருக்கும் தோன்றியிருக்காது.

மேலே பார்வையாளர் மாடத்தில் அதிபரின் மனைவி லாரா புஷ்ஷோடு ஆப்கானிஸ்தானின் இடைக்காலத் தலைவர் ஹமீத் கர்சாய் உட்கார்ந்திருந்தார். மகளிர் நல அமைச்சர் சிமா சமரும் இருந்தார். மசார்-இ-ஷரீப்பில் கொல்லப்பட்ட சிஐஏ அதிகாரி மைக்கேல் ஸ்பானின் மனைவியும் இருந்தார். இப்படி ஆட்களை மாடத்தில் உட்காரவைத்துப் பெயர் சொல்லி எழுப்புவது 1982-ல் ரீகன் தொடங்கி வைத்த வழக்கம். போட்டோமேக் ஆற்றில் விழுந்த விமானத்திலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றிய அரசு ஊழியர் ஒருவரை அவர் அப்படி அழைத்திருந்தார். அது நல்ல வழக்கம்தான். ஆனால் கணவனை இழந்த பெண் மேலே நிற்கும்போது கீழே இருப்பவர்கள் எழுந்துதான் ஆக வேண்டும், எழுந்தவர்கள் அடுத்த வரிக்கு உட்காருவது கடினம். 'இந்த நாடு போரில் இருக்கிறது, பொருளாதாரம் தேக்கத்தில் இருக்கிறது, ஆனாலும் நம் ஒன்றியம் இதற்கு முன் இவ்வளவு வலுவாக இருந்ததில்லை' என்கிற தொனியில் உரை தொடங்கியது. கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லோரும் எழுந்தார்கள். கேலப் கருத்துக்கணிப்பில் புஷ்ஷுக்கு அப்போது நூற்றுக்கு எண்பதைத் தாண்டிய ஆதரவு இருந்தது.

ஒரு சொல் செய்யப்பட்ட விதம்

'தீமையின் அச்சு' என்ற சொற்றொடர் பிறந்த கதை இன்று நன்றாகவே பதிவாகியிருக்கிறது. 2001 டிசம்பர் கடைசியில் தலைமை உரை எழுத்தாளர் மைக்கேல் கெர்சன், தன் குழுவில் இருந்த டேவிட் ஃப்ரம்மிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்: இராக்கை எதிர்த்துப் போவதற்கான காரணத்தை ஓரிரு வாக்கியத்தில் எழுதித் தர வேண்டும். ஃப்ரம் பழைய உரைகளைப் புரட்டினார். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று ரூஸ்வெல்ட் பேசியதைப் படித்தார். தாக்கியது ஜப்பான், ஆனால் ரூஸ்வெல்ட் கடைசியில் ஜெர்மனியையும் தோற்கடித்தார். அந்த ஒப்புமையிலிருந்து 'வெறுப்பின் அச்சு' என்ற தொடர் வந்தது. கெர்சன் வெறுப்பை எடுத்துவிட்டுத் தீமையைப் போட்டார். சமய வாடை கொண்ட சொல்தான் புஷ்ஷின் வாயில் இயல்பாக உட்காரும் என்பது அவருக்குத் தெரியும்.

முதலில் குறி இராக் மட்டும்தான். அதை மட்டும் பெயர் சொன்னால் போர் அறிவித்தது போல ஆகிவிடும் என்று தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸும் அவருடைய துணைவர் ஸ்டீபன் ஹாட்லியும் தயங்கினார்கள். அதனால் வேறு நாடுகளையும் சேர்க்கலாம் என்று ஆயிற்று. ஈரான் வந்தது, வட கொரியா வந்தது. ஈரானில் மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் இருக்கிறாரே என்ற தயக்கம் அப்புறம் எழுந்தபோது, புஷ் அந்தப் பெயரை எடுக்க ஒப்பவில்லை.

இங்கே நின்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். இரண்டு பெயர்கள் ஒரு பெரிய நாட்டின் வெளியுறவுக் கொள்கைக்குள் நுழைந்த வழி இது. மூன்றாவது ஒரு பெயரை மறைப்பதற்காக வந்தவை அவை. அச்சு என்ற சொல்லுக்கு இரண்டாம் உலகப் போரில் ஓர் அர்த்தம் இருந்தது. ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் 1940 செப்டம்பரில் கையெழுத்திட்ட உடன்படிக்கை இருந்தது. இராக்கும் ஈரானும் 1980 முதல் 1988 வரை ஒன்றையொன்று கொன்று குவித்த நாடுகள். அவற்றை ஓர் அச்சில் கோர்க்க எந்த உடன்படிக்கையும் கிடையாது. அவையில் யாராவது எழுந்து 'இது எப்படி அச்சு ஆகும்?' என்று கேட்க முடிந்திருந்தால், அந்த ஒரு கேள்வியே போதும். கேட்க இடம்தான் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு என்று நான் நினைக்கிறேன். டிசம்பரில் டோரா போரா மலைகளில் நடந்த சண்டையில் பின் லாடன் தப்பிவிட்டான். பயங்கரவாதிக்கு நிலையான முகவரி இல்லை. நாட்டுக்கு இருக்கிறது, வரைபடத்தில் இருக்கிறது, தலைநகரம் இருக்கிறது, குண்டு போட விமானத் தளம் இருக்கிறது. பிடிபடாத ஒருவனைப் பற்றிப் பேசினால் தோல்வி தெரியும். பிடிக்க முடிந்த நாடுகளைப் பற்றிப் பேசினால் அடுத்த வேலை கிடைத்துவிடும். 'ஆபத்துகள் சேர்ந்துகொண்டிருக்கும்போது நான் காத்துக்கொண்டு இருக்க மாட்டேன்' என்ற பொருளில் அந்த இரவு புஷ் சொன்னது, ஜூனில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி உரையில் விரிந்தது, செப்டம்பரில் தேசியப் பாதுகாப்பு வியூகம் என்ற அரசு ஆவணத்தில் கொள்கையாகவே உட்கார்ந்தது. தாக்கப்படும் முன்பே தாக்கலாம் என்ற கொள்கை.

டெஹ்ரானில் அதைக் கேட்டவர்கள்

மூன்றில் ஈரானின் கதைதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. ஏனென்றால் அங்கே ஒரு கதவு திறந்திருந்தது.

தாலிபான் ஈரானுக்கும் எதிரி. 1998-ல் மசார்-இ-ஷரீப்பில் ஈரானிய தூதரக அதிகாரிகளைக் கொன்றவர்கள் அவர்கள். அதனால் செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்க அதிகாரிகளும் ஈரானிய அதிகாரிகளும் ஜெனீவாவில் சத்தமில்லாமல் சந்தித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கத் தரப்பில் ரயன் குரோக்கர் என்ற தூதரக அதிகாரி இருந்தார். தாலிபான் படைகள் எங்கே நிற்கின்றன என்று குறித்த வரைபடத்தை ஈரானியர்கள் கொடுத்ததாகப் பின்னால் அவரே சொல்லியிருக்கிறார்.

டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் ஆப்கன் தரப்புகளின் மாநாடு நடந்தது. அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் டாபின்ஸ், ஈரான் சார்பில் ஜவாத் ஜரீஃப். யாருக்கு எத்தனை அமைச்சர் பதவி என்பதில் பேச்சு முறிகிற நிலை. தாலிபானை எதிர்த்துப் போரிட்ட வடக்குக் கூட்டணியின் பிரதிநிதி யூனுஸ் கானூனி விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி இரவில் ஜரீஃப் அவரைத் தனியாக ஒரு பக்கம் அழைத்துப் போய்க் காதோடு ஏதோ சொன்னார், கானூனி இறங்கி வந்தார் என்று டாபின்ஸ் எழுதியிருக்கிறார். டிசம்பர் 5 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. மாடத்தில் உட்கார்ந்து கைதட்டல் வாங்கிய கர்சாய், அந்த உடன்படிக்கையால் பதவிக்கு வந்தவர். அந்த உடன்படிக்கைக்கு உதவிய நாட்டைத்தான் அதே உரை தீமை என்றது. 2002 ஜனவரியில் டோக்கியோவில் நடந்த நிதி மாநாட்டில், ஆப்கானிஸ்தானைக் கட்டியெழுப்ப ஈரான் 56 கோடி டாலர் தருவதாகச் சொல்லியிருந்தது. உரைக்கு ஒரு வாரம் முன்பு.

ஈரான் அரசைத் தூய்மையானது என்று சொல்ல வரவில்லை. ஜனவரி 3 அன்று செங்கடலில் இஸ்ரேல் பிடித்த 'கரீன் ஏ' கப்பலில் சுமார் 50 டன் ஆயுதங்கள் இருந்தன, அவை ஈரானிலிருந்து பாலஸ்தீனர்களுக்குப் போனவை என்று இஸ்ரேலும் அமெரிக்காவும் சொன்னன. வாஷிங்டனில் அது கோபத்தைக் கிளப்பியது உண்மை. ஆனால் ஒரு நாட்டுக்குள் பல தரப்பு இருக்கும் என்பதைக் கவனிப்பதுதான் ராஜதந்திரம். அதிபர் முகமது கத்தாமி சீர்திருத்தக்காரர். அமெரிக்காவோடு பேசலாம் என்றவர்களும், பேசவே கூடாது என்றவர்களும் டெஹ்ரானில் மோதிக்கொண்டிருந்தார்கள். உரை முடிந்ததும் பேசவே கூடாது என்றவர்கள் ஜெயித்துவிட்டார்கள். தன்னோடு பேசிக்கொண்டிருந்த ஈரானிய அதிகாரி, இந்த உரை என்னை முடித்துவிட்டது என்கிற விதத்தில் நொந்துகொண்டதாகக் குரோக்கர் நினைவுகூர்ந்தார். அவர் அப்போது காபூலில் அமெரிக்கத் தூதரகத்தில் இருந்தார். உரையில் இப்படி ஒன்று வரப்போகிறது என்பது அவருக்கே தெரியாது.

வட கொரியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1994-ல் அமெரிக்காவோடு போட்ட உடன்படிக்கையால் அதன் புளூட்டோனிய உலை முடங்கியிருந்தது. உரையைப் போர் அறிவிப்புக்குக் கிட்டத்தட்டச் சமம் என்றது பியோங்யாங். அந்த வருட அக்டோபரில் ரகசிய யுரேனியத் திட்டம் பற்றிய தகராறில் உடன்படிக்கை உடைந்தது. 2003 ஜனவரியில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. 2006 அக்டோபர் 9 அன்று முதல் அணுகுண்டுச் சோதனை. எல்லாமே ஒரு சொற்றொடரால் நடந்தது என்று சொல்ல முடியாது, வட கொரியா ஏமாற்றியதும் உண்மை. ஆனால் பட்டியலில் இருந்த மூன்றில் குண்டு இல்லாத இராக்தான் தாக்கப்பட்டது என்பதை மற்ற இரண்டும் பார்த்தன.

இராக்கின் கதை எல்லோருக்கும் தெரியும். 2002 அக்டோபரில் போருக்கு அனுமதி கேட்டபோது பிரதிநிதிகள் சபையில் 296-க்கு 133, செனட்டில் 77-க்கு 23. அடுத்த ஆண்டு உரையில், 2003 ஜனவரி 28 அன்று, ஆப்பிரிக்காவில் சதாம் உசேன் யுரேனியம் தேடியதாகப் பிரிட்டன் அறிந்திருக்கிறது என்ற வாக்கியம் வந்தது. ஆங்கிலத்தில் 16 சொற்கள். அந்தக் கதைக்கு ஆதாரமாகக் காட்டிய நைஜர் ஆவணங்கள் போலியானவை என்று மார்ச் 7 அன்று சர்வதேச அணுசக்தி முகமைத் தலைவர் முகமது எல்பரதேய் ஐ.நா. பாதுகாப்பு சபையிலேயே சொன்னார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, போர் தொடங்கிவிட்டது. அந்த வாக்கியம் உரையில் இடம்பெற்றிருக்கவே கூடாது என்று சிஐஏ இயக்குநர் ஜார்ஜ் டெனட் ஒப்புக்கொண்டது ஜூலையில். 2004-ல் அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே இராக்கில் பேரழிவு ஆயுதக் கையிருப்பு இல்லை என்று அறிக்கை கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான இராக்கியப் பொதுமக்கள் இறந்தார்கள். அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 4,500 பேர் இறந்தார்கள், செப்டம்பர் 11 அன்று இறந்தவர்களைவிட அதிகம்.

இன்னொரு பெயரும் இருந்தது

இந்தியாவில் அந்த உரையைப் படித்தவர்கள் வேறொரு வரியைத் தேடினார்கள். 2001 டிசம்பர் 13 அன்று நம் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே ஐந்து பேர் துப்பாக்கியோடு புகுந்தார்கள். காவலர்கள் உட்பட 9 பேர் இறந்தார்கள். எல்லையில் இரண்டு பக்கமும் லட்சக்கணக்கில் படை குவிந்து நின்ற நேரம் அது. புஷ்ஷின் உரையில் ஹமாஸ், ஹிஸ்புல்லா போன்ற பெயர்களோடு ஜெய்ஷ்-இ-முகமது பெயரும் வந்தது. டெல்லிக்கு அது ஆறுதல். ஆனால் அதே உரை பாகிஸ்தான் பயங்கரவாதத்தை ஒடுக்குகிறது என்றும், முஷாரஃபின் உறுதியான தலைமையைத் தான் பாராட்டுவதாகவும் சொன்னது. ஒன்பது வருடம் கழித்து, 2011 மே மாதம், பின் லாடன் கொல்லப்பட்ட இடம் பாகிஸ்தான் ராணுவப் பயிற்சிக் கல்லூரிக்குப் பக்கத்தில் உள்ள அபோட்டாபாத்.

இங்கே குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் ஆண்டு உரையை வாசித்தது 2002 பிப்ரவரி 25 அன்று, தாக்குதலுக்கு உள்ளான அதே கட்டடத்தில். பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா, மாநிலங்களவையில் தோற்றுப்போய், மார்ச் 26 அன்று இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் மணிக்கணக்கான விவாதத்துக்குப் பிறகு 425-க்கு 296 என்று நிறைவேறியது. கவனியுங்கள், தாக்குதல் நடந்த கட்டடத்திலேயே 296 பேர் எதிர்த்து வாக்களிக்க முடிந்தது. சரி, அதனால் எல்லாம் நல்லபடி முடிந்ததா என்றால் இல்லை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டணியில் இருந்த வைகோவே, திருமங்கலத்தில் பேசிய ஒரு பேச்சுக்காக அந்த வருட ஜூலையில் பொடாவில் கைதாகி 19 மாதம் வேலூர் சிறையில் இருந்தார். ஆனால் விவாதம் நடந்ததால்தான் யார் என்ன எச்சரித்தார்கள் என்பது அவைக்குறிப்பில் இருக்கிறது. பிற்பாடு சட்டத்தைத் திரும்பப் பெறக் கேட்டவர்களுக்கு அது கைகொடுத்தது. 2004-ல் பொடா போனது.

அமெரிக்காவில் அப்படி எதிர்த்தவர்களே இல்லை என்று சொல்ல முடியாது. 2001 செப்டம்பர் 14 அன்று, தாக்குதலுக்குப் பொறுப்பானவர்கள் மீது படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரவு, ஒரே ஒருவர் எதிர்ப்பு. கலிபோர்னியாவின் பார்பரா லீ. அவருக்கு வந்த கொலை மிரட்டல்களால் காவல் போட வேண்டியதாயிற்று. செனட்டில் ஒருவரும் எதிர்க்கவில்லை.

அடுத்த கூத்து 2002 பிப்ரவரி கடைசியில். போரின் போக்கு தெளிவாக இல்லை, பின் லாடனையும் தாலிபான் தலைவர் முல்லா ஓமரையும் பிடிக்காவிட்டால் நாம் தோற்றதாகத்தான் அர்த்தம் என்று டாஷல் பேசினார். ஆந்த்ராக்ஸ் கடிதம் வந்த அதே டாஷல். நாம் பயங்கரவாதத்தை எதிர்த்துப் போரில் இருக்கும்போது அதிபரைக் குறைசொல்ல எப்படித் துணிந்தார் என்று செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் டிரென்ட் லாட் கொதித்தார். டாஷல் கேட்டது மிக எளிய கேள்வி: நம்மைத் தாக்கியவன் எங்கே? அதைக் கேட்பதே துரோகமாகத் தெரிகிற இடத்துக்கு அந்த நாடு ஒரே மாதத்தில் வந்திருந்தது.

பணக் கணக்கும் அப்படித்தான். இருபது வருடத்தில் இல்லாத அளவு ராணுவச் செலவு உயர்வை அந்த இரவு புஷ் கேட்டார். அதே நேரத்தில் வரிச் சலுகை. பற்றாக்குறை சிறியதாகவும் குறுகிய காலத்துக்கும்தான் இருக்கும் என்றார். 2001 நிதியாண்டில் 12,800 கோடி டாலர் உபரி வைத்திருந்த அரசு, 2004-ல் 41,300 கோடி டாலர் பற்றாக்குறையில் நின்றது.

ஒரே ஒரு வரியின் பின்னால்

உரையில் யாரும் கவனிக்காத இன்னொரு வரி உண்டு. போஸ்னிய அரசோடு சேர்ந்து, எங்கள் தூதரகத்துக்குக் குண்டு வைக்கச் சதி செய்த பயங்கரவாதிகளை எங்கள் வீரர்கள் பிடித்தார்கள் என்று புஷ் சொன்னார். பெயர் சொல்லவில்லை. ஒரு வரி, அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அவர்கள் ஆறு பேர், எல்லோரும் அல்ஜீரியாவில் பிறந்தவர்கள். அதில் ஒருவரான லக்தர் பூமேதியன் சரயேவோவில் செம்பிறைச் சங்கத்தில் அநாதைக் குழந்தைகளுக்கான நிவாரண வேலையில் இருந்தவர். 2001 அக்டோபரில் போஸ்னியக் காவல் துறை கைது செய்து மூன்று மாதம் விசாரித்தது. ஆதாரம் இல்லை என்று 2002 ஜனவரி 17 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விடுவிக்கச் சொன்னது. சிறைவாசலில் இருந்து அவர்களை அமெரிக்கப் படையிடம் ஒப்படைத்தார்கள். ஜனவரி 20 அன்று கியூபாவில் உள்ள அமெரிக்கப் படைத்தளச் சிறையான குவாண்டனாமோ. ஒன்பது நாள் கழித்து அமெரிக்க அதிபர் நாடாளுமன்றத்தில் அவர்களைச் சதிகாரர்கள் என்றார்.

காவலில் வைத்ததை எதிர்த்து நீதிமன்றம் போகும் உரிமை குவாண்டனாமோ கைதிகளுக்கும் உண்டு என்று 2008 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'பூமேதியன் எதிர் புஷ்' என்பது வழக்கின் பெயர். அப்புறம் வழக்கு வாஷிங்டன் மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் லியோன் முன் வந்தது. அவரை நியமித்ததே புஷ்தான். ஏழு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அரசிடம் ஆதாரத்தைக் காட்டச் சொன்னார். தூதரகத்துக்குக் குண்டு வைக்கச் சதி என்ற குற்றச்சாட்டை அரசு அதற்குள் தானே கைவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது, ஆப்கானிஸ்தானுக்குப் போய்ச் சண்டையிடத் திட்டமிட்டார்கள் என்ற ஒன்று. அதற்கும் பெயர் தெரியாத ஒரே ஒருவரின் தகவல்தான் அடிப்படை. இவ்வளவு மெல்லிய நாணல் மேல் இதை நிறுத்த முடியாது என்று நவம்பர் 20 அன்று லியோன் தீர்ப்பு எழுதினார். ஆறு பேரில் ஐந்து பேரை விடச் சொன்னார். மேல்முறையீடு போக வேண்டாம், இவர்கள் ஏழு வருடம் காத்திருந்தது போதும் என்று அரசைக் கேட்டுக்கொண்டார்.

பூமேதியன் 2009 மே மாதம் பிரான்ஸ் வந்து சேர்ந்தார். அவரைக் கொண்டுபோனபோது இரண்டு மகள்களும் நடை பழகும் குழந்தைகள். அத்தனை வருடத்தில் அப்பாவைப் பார்க்கவோ தொலைபேசியில் ஒரு வார்த்தை பேசவோ அவர்களை விடவில்லை.